பெரியம்மா ஊமையான நாள்

அத்தையைப் பெண் பார்க்கத் திருநின்றவூரிலிருந்து ஆட்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம், எங்கள் பெரியம்மாவை ஊமையாக்கிவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று. முடிவு செய்தவர் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. நேற்றுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த ஒரு மனுஷியை இவ்வளவு சுலபமாக ஊமையாக்கிவிட முடியும் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

பூந்தமல்லியில் இப்போது மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, அத்தை, நான், கைக்குழந்தையாக என் தம்பி. அத்தை அப்பாவுக்கு ரொம்பவும் இளையவள். அவள் பிறந்த சில நாட்களிலேயே அவளைப் பெற்றவள் போய்விட, தூக்கி வளர்த்தது பெரியம்மாதான். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அத்தைக்கு அண்ணி என்றால் அம்மா. அண்ணன்கள் எல்லாம் அப்புறம்தான்.

பெரியம்மாவின் ஊர் ரங்கூன். அப்பன் அரிசி ஆலையில் மூட்டை எண்ணிய தமிழன், அம்மா பர்மாக்காரி. சப்பை மூக்கும் சின்னக் கண்களுமாக, வெயிலில் காய்ந்தாலும் கறுக்காத நிறத்தில் இருப்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஒரே ஒரு குறைதான். 'ர', 'ற' எதுவும் அவள் வாயில் வராது. எத்தனை முயன்றாலும் அது 'ய' ஆகிவிடும். என்னை ராணி என்று கொஞ்சத் தொடங்கினால் யாணி என்றுதான் முடியும். தெருப் பிள்ளைகள் அதை யானையாக்கி என்னை அழவைப்பார்கள். ரசம் அவளுக்கு யசம். ராத்திரி, யாத்தியி.

கப்பலில் வந்த நாடகக் கம்பெனி ஒன்று ரங்கூனில் முகாம் போட்டிருந்தபோது, அப்பன் செத்து ஆதரவில்லாமல் இருந்த அந்தப் பெண் நன்றாக ஆடுகிறாள் என்று பார்த்துத் தங்களோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். வந்த பிறகுதான் நாடக வாத்தியாருக்கு 'ர' விஷயம் தெரிந்திருக்கிறது. ஆகவே மேடையில் அவளுக்கு வசனமே கிடையாது. உயிர்பெறும் சிலை, மேகத்துக்குள்ளிருந்து இறங்கும் தேவலோகப் பெண், சபித்துவிட்டு மறையும் வனதேவதை இப்படியாக வேஷங்கள். வாய் திறக்காமலே கைதட்டல் வாங்கினாள். சபிக்கிற வனதேவதை எப்படிப் பேசாமல் சபித்தாள் என்று நான் பெரியப்பாவைக் கேட்டிருக்கிறேன். "பார்ப்பா பாரு ஒரு பார்வை, முன்னாடி பெஞ்சு பூரா எழுந்து ஓடிப்புடும்" என்றார்.

பிறகு ஊமைப்படம் எடுக்க வந்தார்கள். பேச்சே இல்லாத சினிமா. அதற்குப் பெரியம்மாவைவிடப் பொருத்தமானவர் இந்த ஊரில் யார்? அவளுக்கு வடக்கத்திப் பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். காட்டில் தொலைந்த ராஜகுமாரியானாள். ஓடும் குதிரையிலிருந்து குதித்தாள். புலியின் முன்னால் மயங்கி விழுந்தாள். அந்தக் காலத்தில் வெயிலை நம்பித்தான் படம் பிடிப்பது. வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்து வெயிலை நடிகையின் முகத்துக்குத் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பெரியப்பா.

"மேகம் வந்துச்சுன்னா வேலை நின்னுடும். உங்க பெரியம்மா குந்திக்கினு முறுக்கு துன்னும். மேகம் வெலகுனா வாயைத் தொடச்சிக்கினு ராஜகுமாரி ஆயிடும்" என்பார்.

சில வருஷங்கள்தான். சினிமா பேசத் தொடங்கிவிட்டது. பெரியம்மாவையும் குரல் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். 'ராஜாதி ராஜரே, வருக' என்று ஒரு வரி கொடுத்தார்கள். 'யாஜாதி யாஜயே, வயுக' என்று அவள் சொன்னதும் அந்தக் கூடமே சிரித்ததாம்.

"நீங்க சிரிக்கலதானே பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றார். "அப்பாலதான் கண்ணாலம் கட்டிக்கினேன்."

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் கதை. வெளியே அப்பா இதைப் பற்றி மூச்சுவிட விடமாட்டார். ஆனாலும் எப்படியோ கசிந்து, அத்தைக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. 'பர்மாக்காரி வளர்த்த பொண்ணு', 'கூத்தாடிச்சி கைச்சோறு' என்று யாரோ போய் ஓதியிருந்தார்கள். அத்தைக்கு வயது இருபத்தைந்தைத் தொட்டுவிட்டது. இந்த மூன்றாவது வரன் நல்ல வரன். பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். அவன் அப்பா திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று அப்பா பயந்துபோயிருந்தார். பெரியம்மாவை நாகப்பட்டினம் பக்கம் என்று தரகரிடம் சொல்லியாயிற்று. முகத்தை எப்படியாவது நாகப்பட்டினத்தில் சேர்த்துவிடலாம். வாயைத் திறந்தால்தான் ரங்கூன் வந்துவிடும்.

பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் எதிரில் போய் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அவங்க இருக்கிற நேரம் மட்டும் நீங்க பேச வேணாம். உங்களுக்குப் பேச்சு வராதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையின் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாதான் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள். "கூத்தாடின்னா கௌரவக் கொறச்சலு, ஊமைன்னா மட்டும் கிரீடமா?"

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "பியவி ஊமையா, நடுவுல போச்சா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"பியவி ஊமைன்னா காதும் கேக்காது. கண்ணு வேய மாதியி இயுக்கும். நடுவுல போனதுன்னா கேக்கும். எதுன்னு சொல்லு."

"ஏதோ ஒண்ணு அண்ணி" என்றார் அப்பா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"அப்போ காய்ச்சல்ல போச்சுன்னு வெச்சிக்கலாம்" என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் கூடத்துக்குள் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, தான் உட்காரும் முக்காலியை அங்கே நகர்த்திப் போட்டாள். பிறகு எழுந்துபோய் வாசலிலிருந்து அந்த முக்காலியைப் பார்த்தாள். மறுபடி ஒரு சாண் நகர்த்தினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய புடவை கட்டிக்கொண்டாள். நான் பின்னாலேயே திரிந்து, "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தாள், புருவத்தைத் தூக்கி 'என்ன' என்றாள். அவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே அவளுக்குப் பேச்சு போயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல விளையாட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு முன் ஆடியதே இல்லை.

விஷயம் அத்தைக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "அண்ணி பேசக் கூடாத ஊட்ல நான் மட்டும் இன்னாத்துக்குப் பேசணும்?" என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

ஆவடி வந்து பஸ் மாறி அவர்கள் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா. மாப்பிள்ளையின் அப்பா ஒல்லியாக, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு, அதிகம் பேசாதவராக இருந்தார். பேச்செல்லாம் மாப்பிள்ளையின் அம்மாதான். உட்கார்ந்ததுமே பெரியம்மாவைப் பார்த்து, "நீங்கதான் மூத்தவங்களா? பொண்ண வளத்தது நீங்கதானாமே?" என்றாள்.

பெரியம்மா கைகூப்பினாள். அப்பா முந்திக்கொண்டு, சின்ன வயதில் காய்ச்சலில் பேச்சு போய்விட்டது, காது கேட்கும் என்றார்.

"அடப் பாவமே" என்று அந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். காது கேட்கும் என்று சொன்ன பிறகும், அடுத்த கேள்வியைச் சந்து முனைக்குக் கேட்கும்படி கத்திக் கேட்டாள். "சாப்ட்டீங்களா?" பெரியம்மா ஆமாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, கேசரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். விழுந்து கும்பிட்டாள். பாயில் உட்கார்ந்தாள்.

"பேர் இன்னா கண்ணு?"

அத்தை பதில் சொல்லவில்லை.

"வெக்கப்படாதே. எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

அத்தை தரையில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா விசிறியை வேகமாக வீசினார். "கூச்சம்ங்க. புது மனுஷங்கன்னா அப்படித்தான்."

"சமையலு கிமையலு?"

ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா குனிந்து தன் அம்மாவின் காதில், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். "இன்னாம்மா, இதுக்கும் வராதா?"

கூடத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு ஊமைக்கே காய்ச்சல், காது என்று அத்தனை சமாதானம் சொல்லியிருந்தார். ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு ஊமைகளுக்கு என்ன சொல்வார்?

அப்போது பெரியம்மா முக்காலியில் சற்று நிமிர்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, அதில் ஒரு முழ நீளக் குழந்தையை வைத்துக் காட்டினாள். வெறும் கைதான். ஆனால் அதன் தலை தொங்காதபடி அவள் இன்னொரு கையை அடியில் கொடுத்ததும் அங்கே குழந்தை வந்துவிட்டது. பிறகு ஒரு பெண் கண்மூடுவதைக் காட்டினாள். குழந்தை பசித்து அழுதது, சங்கில் பால் எடுத்துப் புகட்டினாள், அது துப்பியது, மறுபடி புகட்டினாள். தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். குழந்தை வளர்ந்து அவள் முந்தானையைப் பிடித்து நடந்தது. பல் முளைத்துக் கடித்தது. காய்ச்சலில் கிடந்தது. சடங்கானது. ஒவ்வொரு தடவையும் அவள் கண் அந்தக் குழந்தையின் உயரத்துக்குச் சரியாக உயர்ந்துகொண்டே வந்து, கடைசியில் பாயில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகத்தில் போய் நின்றது. பிறகு மாப்பிள்ளையின் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாரத்தை அதில் மெதுவாக இறக்கி வைத்தாள்.

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தான் என்ன கேட்டோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கையில் காப்பித் தம்ளரோடு பாதி எழுந்து நின்றிருந்தார். தம்ளர் சாய்ந்து வேட்டியில் காப்பி கொட்டியதை அவர் கவனிக்கவே இல்லை.

காரியம் அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அத்தை ஓவென்று அழுதுவிட்டாள்.

"போதும் அண்ணி, நிறுத்துங்க!" என்றாள். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "எங்க அண்ணி ஊமை இல்லீங்க. நல்லா பேசுவாங்க. ரங்கூன்காரங்க. சினிமால நடிச்சவங்க. எனக்கு அம்மா அவங்கதான். புடிச்சிருந்தா கட்டிக்கோங்க. இல்லாங்காட்டி பஜ்ஜியாவது துன்னுட்டுப் போங்க, ஆறிப்போவுது" என்றாள்.

அப்பா விசிறியைக் கீழே போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாள் பெரியம்மாவின் பிடியிலிருந்து தன் கைகளைச் சட்டென்று உருவிக்கொண்டு, "இன்னாங்க இது?" என்று புருஷனிடம் திரும்பினாள்.

"சும்மா குந்து" என்றார் அவர். "எனக்குத் தெரியும்."

அவர் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வடக்கத்திப் பெயரை மெதுவாகச் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் அதை ஒரு வெளியாள் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. "குதிரை மேலேருந்து குதிப்பாங்க. ஏரிக்கரையில புருஷனைத் தேடிக்கினு ஓடுவாங்க. திருநின்றவூர்லேருந்து நடந்தே போவேன் நானு, பட்டணத்துக்கு. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்."

அவர் மனைவி, முப்பது வருஷம் கூடவே இருந்தும் இந்த ஆள் இப்படி ஒரே மூச்சில் பேசிக் கேட்டதில்லை என்பதுபோல வாயைப் பிளந்தாள். மகனைக் கேட்காமல், மனைவியைக் கேட்காமல், "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் அவர். மாப்பிள்ளைக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. பஜ்ஜி வசனத்திலேயே அவர் விழுந்துவிட்டதாக அத்தை இன்றைக்கும் சொல்வாள். வானகரத்தில் மகன் ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, எண்பதைத் தாண்டிய வயதில், அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம்கூட வரும்.

அப்பா சர்க்கரைக் கிண்ணத்தை எடுக்க ஓடினார். அப்போது மாப்பிள்ளையின் அப்பா பெரியம்மாவுக்கு முன்னால் வந்து கைகூப்பி நின்றார்.

"ஒரே ஒரு வார்த்தை பேசுங்கம்மா. உங்க குரலு எப்படி இருக்கும்னு நான் நெனச்சி நெனச்சிப் பார்த்திருக்கேன். இத்தினி வருஷமா."

பெரியம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் முகம் புதுப்பெண்ணுடையதுபோல் சிவந்திருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கட்டையான குரல் அவளுக்கு. அன்று அது இன்னும் கட்டையாக வந்தது.

"யொம்ப சந்தோசங்க. எங்க பொண்ண ஒங்க பொண்ணு மாதியி பாத்துக்கணும்."

மாப்பிள்ளையின் அக்கா 'களுக்' என்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகம் ஒரே ஒரு கணம், காற்றில் விளக்குத் திரி பின்வாங்குவதுபோல் சுருங்கியது. வேட்டியில் கொட்டிய காப்பி அப்போதுதான் தொடையில் சுட்டிருக்கும் என்று நான் நினைத்தேன். மறுகணமே சுதாரித்துக்கொண்டு, "நல்லா பேசறீங்கம்மா, ரொம்ப நல்லா பேசறீங்க" என்றார்.

பெரியம்மா புன்னகையோடு கைகூப்பிவிட்டு உள்ளே போனாள். அவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். அவள் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தம்ளர்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, கல்யாணம் நிச்சயமாயிடுச்சு! நாம ஜெயிச்சிட்டோம்!" என்றேன்.

"ஆமா யாணி" என்றாள், தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்யாணம் திருநின்றவூரில் நடந்தது. அதற்குப் பிறகு சம்பந்தி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தார். சைக்கிள் கடைக்குச் சாமான் வாங்கப் போகிற வழி என்பார். பூந்தமல்லி எந்த வழியிலும் இல்லை என்று அம்மா சொல்வாள். அவர் வரும் நாட்களில் பெரியம்மா தலையைப் படிய வாரிக்கொண்டு, வெளிச்சம் விழும் இடத்தில் வந்து உட்காருவாள். ஆனால் அவரிடம் பேச மாட்டாள். அவ்வளவு பேருக்கு முன்னால் குட்டு உடைந்த பிறகும், அவருக்கு மட்டும் அவள் ஊமையாகவே இருந்தாள். வாங்க, உட்காருங்க, பெண் எப்படி இருக்கிறாள், உங்கள் சம்சாரத்துக்கு முட்டி வலி தேவலையா, எல்லாம் கையும் கண்ணும்தான். அவரும் ஒருநாளும் 'ஏன் பேசவில்லை' என்று கேட்டதில்லை. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். பெரியவர்கள் விளையாட்டை முடிக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து சம்பந்தி சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. வலியில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, எரிந்து விழுகிறார் என்று அத்தை வாசலிலேயே சொன்னாள். பெரியம்மா கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் ஒரு குதிரையைக் கொண்டுவந்தாள்.

அது ஓடியது. அவள் அதன்மேல் ஏறினாள். காடு வந்தது, புலி வந்தது. ஏரிக்கரையில் யாரையோ தேடிக்கொண்டு ஓடினாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி இமைக்காமல் பார்த்தார். நடுவில் அவர் உதடுகள் லேசாக அசைந்தன, யாரோ சொல்வதைத் திருப்பிச் சொல்வதுபோல. கதை முடிந்ததும் இருவரும் கைகூப்பிக்கொண்டார்கள். நாங்கள் கிளம்பினோம்.

ஆவடிக்கு ரயில் ஏறிய பிறகுதான் பெரியம்மா வாய் திறந்தாள். ரயிலில் ஏன் இவ்வளவு கூட்டம், உனக்குப் பசிக்கிறதா, அத்தை இளைத்துவிட்டாள் பார் என்று வழக்கம்போலப் பேசினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருகிட்ட மட்டும் ஏன் பெரியம்மா பேச மாட்டேன்றே? அவருதான் அன்னிக்குக் கெஞ்சினாரே."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அவயு ஒயு குயலைக் கேட்டுக்கினே இயுந்தாயு யாணி, யொம்ப வயுசமா" என்றாள். "நான்தான் நடுவுல போயி பேசிக் கெடுத்துட்டேன். இப்போ மயுபடியும் கேக்க ஆயம்பிச்சிட்டாயு."

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்த அறையில் ரேடியோ எதுவும் இல்லை. நாங்கள் இருந்தவரை அத்தைகூட அடுப்படியைவிட்டு வரவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மாவுக்கு வெயிலில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆவடி ஸ்டேஷனில் முறுக்கு விற்பவன் ஏறுகிறானா என்று பார்க்கத் தலையை வெளியே நீட்டினேன்.